சர்க்கரைச் சீசாவின் சரித்திரம்

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர் எதிலும் கோடைக் காலத்தில் தெருவழியே நடந்து செல்பவருக்கு, வீட்டுத் தாழ்வாரங்களின் விட்டத்திலிருந்தும், சமையலறை ஜன்னலுக்கு எதிரே நட்ட கம்பங்களிலிருந்தும், அடியில் சிவப்புத் தட்டும் அத்தட்டில் நாலைந்து பொய்ப் பூக்களும் பொருந்திய கண்ணாடிச் சீசாக்கள் தலைகீழாகத் தொங்கும் காட்சி கண்ணில் படாமல் போகாது. சீசாவில் இருப்பது சர்க்கரை கரைத்த வெறும் தண்ணீர். அதைப் பருக வரும் விருந்தாளியோ, மூன்று நான்கு கிராம் எடையே தேறும் ஓசனிச்சிட்டு என்னும் குருவி. இந்த உபசாரம் அந்நாட்டு மக்களுக்கு இன்று எவ்வளவு பழகிப்போய்விட்டதென்றால், தங்கள் பாட்டனும் முப்பாட்டனும் புதுக் கண்டத்தில் வந்து இறங்கிய நாளிலேயே இதையும் தொடங்கிவிட்டார்கள் என்றே அவர்களிற் பலர் எண்ணுகிறார்கள். ஆனால் தோட்டத்தில் சீசா கட்டித் தொங்கவிடும் இவ்வழக்கத்தின் வயது நூறாண்டுக்குச் சற்றே கூடுதல். அந்தச் சீசா கடையில் விலைக்குக் கிடைக்கத் தொடங்கியதோ 1950-ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்பு இப்பறவையோடு மனிதர் கொண்டாடிய உறவு வேறு விதமானது. அதில் பெருமைப்பட அதிகம் இல்லை.

நம் ஊரில் செம்பருத்திப் பூவிலும் மாதுளம்பூவிலும் மூக்கை நுழைக்கும் தேன்சிட்டைப் பார்த்தவர்கள் இதையும் அதன் இனமென்றே கருதிவிடக்கூடும். தொழில் ஒன்றாயினும் குலம் வேறு. நம் தேன்சிட்டு பெரும்பாலும் கிளையிலோ காம்பிலோ அமர்ந்தே தேன் உறிஞ்சும். ஓசனிச்சிட்டோ விநாடிக்கு ஐம்பது முறைபோலச் சிறகடித்து, பூவுக்கு எதிரே அந்தரத்தில் நிலைத்து நின்று, உறிஞ்சி முடிந்ததும் முகம் திருப்பாமலே பின்வாங்கிச் செல்லும். இதன் இனங்கள் 300-க்கும் மேற்பட்டவை. அவ்வளவும் வட, தென் அமெரிக்கக் கண்டங்களுக்கும் அவற்றை அடுத்த தீவுகளுக்குமே உரியவை. மெக்ஸிகோவின் ஆஸ்டெக் மக்கள் தங்கள் யுத்த தேவதையையே இப்பறவையோடு சம்பந்தப்படுத்தி வழிபட்டார்கள். போரில் மாண்ட வீரர் சூரியனோடு சில காலம் உலாவிய பின்னர் இச்சிட்டுகளாக மாறிப் பூக்களிடையே திரிவர் என்றும் நம்பினார்கள். ஐரோப்பியருக்கு அது கொலம்பஸின் பிரயாணத்துக்கு முன் பெயரளவிலும் தெரியாத ஜீவன். ஐக்கிய நாடுகளின் கிழக்குப் பகுதி முழுவதிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் இனம் ஒன்றே ஒன்று: ஆணின் கழுத்தில் மாணிக்கச் சிவப்பு மின்னுவதால் மாணிக்கக்கழுத்துச் சிட்டு என்று நாம் அழைக்கக்கூடியது. இலையுதிர் காலத்தில் இது தெற்கே மத்திய அமெரிக்காவுக்குச் சென்று வசந்தத்தில் திரும்புகிறது. அவ்வழியில் மெக்ஸிகோ வளைகுடாவின் மேல் ஏறக்குறைய 800 கிலோமீட்டர் தூரத்தை, இடையில் அமர ஒரு கிளையும் இல்லாமல், ஒரே மூச்சில் கடப்பவையும் உண்டு.

குடியேறிய ஆங்கிலேயரின் தோட்டங்களுக்கு இப்பறவையை முதலில் அழைத்து வந்தவை பூக்களே. அவற்றிலும் முக்கியமானது தென்கிழக்குப் பகுதிக் காடுகளில் தானே வளரும் ஒரு கொடி. ஊதுகொம்பு போன்ற வடிவமும் செம்மஞ்சள் நிறமும் கொண்ட அதன் பூக்கள் வேலியிலும் கூரையிலும் படர்ந்து மலர்ந்தால், கோடை முழுவதும் சிட்டுகள் அதை விட்டு அகலமாட்டா. தேனீக்களின் கண் சிவப்பை நன்றாக அறியாது. ஆகவே சிவந்து, நீண்டு, குழாய்போல் அமைந்த பூக்களில் தேன் பெரும்பாலும் போட்டியின்றி இப்பறவைக்கே மிஞ்சுகிறது. கரோலினா நாட்டின் இயற்கைச் சரித்திரத்தை 1729 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட மார்க் கேட்ஸ்பி, ஓசனிச்சிட்டை வரைந்தபோது இக்கொடியின் பூவையும் சேர்த்தே வரைந்தார். நூறாண்டு கழித்து வந்த பறவை ஓவியர் ஆடுபனும் அவ்வாறே செய்தார். பறவையையும் பூவையும் பிரித்துப் பார்க்க இருவருக்கும் மனம் வரவில்லை போலும். பிரான்ஸிலிருந்து வந்து நியூ யார்க் பகுதியில் பயிர்செய்து வாழ்ந்த கிரெவக்கூர், 1782-இல் வெளிவந்த தம் கடிதங்கள் ஒன்றில் பாம்புகளைப்பற்றி விஸ்தாரமாகச் சொல்லி முடித்து, உடனே இச்சிட்டின் சௌந்தரியத்தையும் அதன் கோபத்தையும் வர்ணிக்கத் தொடங்கிவிடுகிறார். கோபம் என்பது மிகையன்று. கட்டைவிரல் அளவுள்ள இந்த ஜீவன் தன் பூச்செடியை அண்டும் மற்றொரு சிட்டை விரட்டும் ஆவேசத்தைக் கண்டவர்கள், அழகுக்கும் சாந்த குணத்துக்கும் இயற்கையில் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

பூவில் கண்டு மகிழ்ந்ததோடு நிற்க மனிதனுக்குத் தெரியாது; கையில் பிடித்து வைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. பிலடெல்பியாவில் பிரசித்தமான பொருட்காட்சிச் சாலை ஒன்றை நடத்திவந்த ஓவியர் சார்ல்ஸ் வில்ஸன் பீல், கூட்டிலிருந்து எடுத்த இரண்டு குஞ்சுகளை வீட்டிலேயே வளர்த்தார். அவை அறையில் பறந்து திரிந்து, தீனி வேண்டியபோது பீலின் மனைவியுடைய தோளில் வந்து உட்காருமாம். இதைக் கேட்டு எழுதிவைத்தவர் அலெக்ஸாண்டர் வில்ஸன். ஸ்காட்லாந்தில் நெசவுத் தொழில் செய்து, அமெரிக்காவுக்கு வந்து பள்ளி உபாத்தியாயராகி, பின்னர் அந்நாட்டுப் பறவைகளைப்பற்றிய முதற் பெருநூலை 1808 முதல் வெளியிட்ட மனிதர். அவரிடமும் ஒரு கூட்டுக் குஞ்சுகள் வந்து சேர்ந்தன. அவற்றுள் தப்பிய ஒன்றை ஒரு சீமாட்டி தேற்றிப் பிழைக்கவைக்க, வில்ஸன் அதை மூன்று மாத காலம் வளர்த்தார். கட்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துப் பூக்களில் தெளித்துக் கொடுத்தார். தேன் கலந்த நீரைவிட அப்பறவை சர்க்கரை நீரையே விரும்பிற்று. பின்னாளில் தேன் உதவாது என்றும் சர்க்கரையே நல்லது என்றும் பல்லாண்டு பரிசோதித்து அறிந்தவர்கள், வில்ஸனின் இந்தப் பக்கத்தைப் புரட்டியிருந்தால் எவ்வளவோ சிரமம் மிஞ்சியிருக்கும். அந்தக் கூண்டுப் பறவையோ கடைசியில் கூண்டை விட்டு வெளியேறி, அறையில் மோதிக் காயப்பட்டு இறந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் மோகம் இப்பறவையின் உயிரைப்பற்றிக் கவலைப்படவில்லை. அதற்கு வேண்டியது தோல். லண்டன் நகரத்து ஜான் கூல்ட், பறவைகளின் தோலைப் பதனிட்டுப் பஞ்சடைத்து வைப்பதில் கைதேர்ந்தவர். ஓசனிச்சிட்டுகளின் தோலைச் சேர்ப்பதிலோ அவருக்கு வெறியே இருந்தது. 1851-இல் லண்டனில் உலகப் பொருட்காட்சி நடந்தபோது, ரீஜண்ட்ஸ் பூங்காவிலுள்ள மிருகக் காட்சிசாலையில் தனியாக ஒரு மண்டபம் அமைத்து, கண்ணாடிப் பெட்டிகளில் தம் சேகரிப்பை அடுக்கி வைத்து, தலைக்கு ஆறு பென்ஸ் கட்டணம் வாங்கினார். 75,000 பேர்வரை வந்து பார்த்தார்கள். விக்டோரியா மகாராணியும் வந்து பார்த்துப் பரவசமடைந்தார். இவ்வினத்தைப்பற்றி 360 வண்ணப் படங்களோடு அவர் வெளியிட்ட பெருநூலின் பகுதிகள் 1849-இல் தொடங்கி 1861 வரை வந்துகொண்டிருந்தன. ஆனால் அதன் முதற் பகுதிகளை வெளியிட்டு, கண்காட்சியையும் நடத்தி முடித்த அந்த நாட்களில், உயிரோடு பறக்கும் ஓசனிச்சிட்டு ஒன்றைக்கூட அவர் கண்ணால் கண்டதில்லை. 1857-ஆம் ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவுக்குச் சென்றபோதுதான் அந்தப் பாக்கியம் அவருக்குக் கிட்டியது. அதுவும் எங்கே? ஸ்கூல்கில் ஆற்றங்கரையில், ஜான் பார்ட்ரம் 1728-இல் உண்டாக்கிய தோட்டத்தில். வில்ஸன் தம் பறவைச் சாஸ்திரத்தைப் பயின்றதும் பார்ட்ரமின் மகனது ஆதரவில், அதே தோட்டத்து மரங்களின் கீழேதான். கண்டு களித்ததோடு கூல்ட் நின்றாரில்லை. பிடித்த பறவைகளை மெல்லிய துணிப் பைகளில் வைத்து, சிறு சீசாவில் பாகு கொடுத்துக் கப்பலில் கொண்டு சென்றார். லண்டன் சேர்ந்த பறவை இரண்டு நாளுக்குமேல் உயிர் வாழவில்லை.

கூல்ட் செய்ததாவது சாஸ்திரம் என்ற பெயரால் செய்தது. சீமாட்டிகளின் தொப்பிக்கும் உடைக்கும் ஆபரணத்துக்குமாகச் செத்த சிட்டுகளுக்குக் கணக்கில்லை. தென் அமெரிக்காவிலிருந்து பெட்டி பெட்டியாக லண்டன் ஏலக் கூடங்களுக்குத் தோல்கள் வந்து இறங்கின. சிட்டின் தலையைத் தங்கத்தில் பதித்துக் காதணியாகவும் கழுத்தணியாகவும் விற்ற நகைக்கடைகளும் இருந்தன. இதை எதிர்த்து எழுதியவர்களில் ஒருவரை இங்கே தனித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் தொப்பியையும் தோட்டத்தையும் ஒருசேர அறிந்த எழுத்தாளர் அவர். ஸீலியா தாக்ஸ்டர், நியூ இங்கிலாந்துக் கரைக்கு அப்பால் கடலில் உள்ள ஆப்பிள்டோர் என்ற சின்னஞ்சிறு தீவில் பூந்தோட்டம் வளர்த்த கவி. தங்கள் தலையில் பறவையின் பிணத்தைச் சூடிக்கொண்டு திரியும் ஸ்திரீகளின் இரக்கமற்ற நெஞ்சைக் கண்டித்து 1887-இல், அப்போதுதான் தோன்றியிருந்த ஆடுபன் சங்கத்தின் பத்திரிகையில் எழுதினார். தம் தீவுத் தோட்டத்தைப்பற்றி அவர் எழுதிய நூல் 1894-இல் வெளிவந்தது. கடலைத் தாண்டிவந்து தம் பூக்களை மொய்க்கும் ஓசனிச்சிட்டுகளுக்கு அதில் நல்ல இடம் உண்டு. அதே ஆண்டில் அவர் காலமானார். இரண்டு ஆண்டுகளில் பாஸ்டன் நகரத்தில் ஹாரியட் ஹெமன்வே, மின்னா ஹால் என்ற இரு பெண்மணிகள், தங்களுக்குத் தெரிந்த சீமாட்டிகளைத் தேநீருக்கு அழைத்து அழைத்து, இறகுத் தொப்பி அணிவதில்லை என்று அவர்களிடம் வாக்கு வாங்கினார்கள். மாசசூசெட்ஸ் ஆடுபன் சங்கம் 1896-இல் அவ்வாறே பிறந்தது. 1900-இல் ஒரு சட்டமும், 1918-இல் வலசைப் பறவைகள் அனைத்தையும் காக்கும் சட்டமும் வந்தன. அன்றுமுதல் ஓசனிச்சிட்டைக் கொல்வதும் பிடித்து அடைப்பதும் அந்நாட்டில் குற்றம். பறவையை அருகில் வைத்துப் பார்க்க ஆசைப்படுகிறவனுக்கு, அது தானே விரும்பி வரும்படி செய்வதைத் தவிர வேறு உபாயம் இல்லாமற் போயிற்று.

அந்த உபாயத்தைக் கண்டுபிடித்தவர்கள் பெரிய கலாசாலைப் பண்டிதர்களல்லர். வீட்டுத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள். இதைச் சரித்திரக்காரர் போதிய அளவு சொல்லவில்லை என்பது என் அபிப்பிராயம். மாசசூசெட்ஸைச் சேர்ந்த காரலைன் ஸூல் என்பவர், அந்துப்பூச்சிகளையும் அவற்றின் புழுக்களையும் வளர்த்து ஆராய்வதில் பேர்போனவர். ஊதுகொம்புப் பூக்கொடிக்கு வரும் சிட்டின்மீது அவர் கருத்துச் சென்றது. கெட்டியான சித்திரக் காகிதத்தில் அப்பூவைப் போலவே ஒரு பூச் செய்து, வர்ணம் தீட்டி, அதன் அடியில் ஒரு சிறு சீசாவைப் பொருத்தி, சர்க்கரை நீரை நிரப்பி, கொடியில் கட்டிவைத்தார். பறவை வந்து குடித்தது. இச்செய்தியை 1900-ஆம் ஆண்டு ‘பேர்ட்-லோர்’ என்ற பத்திரிகைக்கு எழுதி அனுப்பினார். வில்ஸனிடம் சர்க்கரை நீர் குடித்தது கைதிப் பறவை. இங்கே குடித்தது, வேண்டுமானால் வரவும் வேண்டாவிட்டால் போகவும் சுதந்தரமுள்ள பறவை.

அப்பத்திரிகைக் குறிப்பை மனத்தில் வாங்கிக்கொண்டு அதை முறையான ஆராய்ச்சியாக்கியவர், அயோவா மாகாணத்தில் நேஷனல் என்ற குக்கிராமத்தில் வாழ்ந்த ஆல்தியா ஷெர்மன். 1853-இல் பிறந்தவர், ஓபர்லின் கலாசாலையில் படித்துச் சித்திரம் கற்பிக்கும் ஆசிரியையாக இருந்தவர், வயோதிகப் பெற்றோரைப் பராமரிக்க நாற்பது வயதுக்கு மேல் ஊர் திரும்பி, அங்கேயே தங்கிவிட்டவர். கூலிக்காரர் கிடைக்காத கிராமத்தில் தோட்டவேலையும் வீட்டுவேலையும் போக மிஞ்சிய பொழுதில், தம் வீட்டு முற்றத்தை விட்டு அகலாமலே பறவைச் சாஸ்திரம் பயின்ற இந்த அம்மையார், புகைப்போக்கிகளில் வாழும் ஒருவகை உழவாரக் குருவியின் அந்தரங்க வாழ்க்கையைப் பார்ப்பதற்காக 1915-இல் உள்ளே படிக்கட்டு வைத்து ஒரு மரக் கோபுரமே கட்டியவர் என்றால், அவருடைய பிடிவாதம் எத்தகையது என்பது விளங்கும்.

ஓசனிச்சிட்டுகளைப்பற்றிய பரிசோதனையை அவர் 1907-இல் தொடங்கி ஏழு கோடைகள் நடத்தினார். மெழுகுத் துணியை வெட்டி, வர்ணம் தீட்டிப் பூக்கள் செய்து, சீசாக்களின் வாயில் பொருத்தி, அவற்றைச் செடிகளிடையே குச்சிகளில் நிறுத்தினார். பறவைகள் வந்தன. ஸூல் அம்மையாரின் செய்தி இத்தோடு முடிந்தது. ஷெர்மனின் கேள்விகளோ இங்கேதான் ஆரம்பமாயின. பறவையை இழுப்பது பூவின் வடிவமா, நிறமா, அல்லது சர்க்கரையா? இப்பறவைக்குச் சிவப்பின்மேல் தனிப் பிரியம் உண்டு என்று எல்லோரும் எழுதுகிறார்களே, அது மெய்தானா? பூ எதுவுமே இல்லாத மொட்டைச் சீசா ஒன்றையும் அவர் வெளியில் வைத்துப் பார்த்தார். அதையும் பறவைகள் கண்டுபிடித்துக் குடித்தன. உணவு இருக்கும் இடத்தை ஒருமுறை தெரிந்துகொண்ட சிட்டுக்கு அலங்காரம் அவசியமில்லை. அடுத்த நாளும் அடுத்த வாரமும் அதே இடத்துக்கு வருகிறது. எந்த நேரத்தில் வருகின்றன, எவ்வளவு சர்க்கரை செலவாகிறது, ஒன்று மற்றொன்றை எப்படி விரட்டுகிறது என்பவற்றையெல்லாம் கணக்குப் பிள்ளையின் சிரத்தையோடு குறித்துவைத்து, 1913-இல் ‘வில்ஸன் புல்லட்டின்’ என்ற பறவைச் சாஸ்திர ஏட்டில் வெளியிட்டார். அந்த ஏடு தாங்கியிருப்பது, பீலின் கதையைக் கேட்டு எழுதிவைத்த அதே அலெக்ஸாண்டர் வில்ஸனின் பெயர். ஷெர்மன் 1943-இல் காலமானார். அயோவா வீடொன்றின் முற்றத்துப் பறவைகள் என்று பொருள்படும் தலைப்போடு அவருடைய கட்டுரைகள் 1952-இல்தான் நூலாயின. ஏறக்குறைய தொண்ணூறு வயது வாழ்ந்தவரின் ஒரே நூல், அவர் போன பிறகு வந்தது.

ஆராய்ச்சி ஏட்டைப் பொது ஜனங்கள் படிப்பதில்லை. அவர்களுக்கு இச்செய்தி போய்ச் சேர்ந்தது 1928-இல், ‘நேஷனல் ஜியாகரபிக்’ சஞ்சிகையில் மார்கரட் போடைன் எழுதிய கட்டுரையின் வழியாக. மேய்ன் மாகாணத்தில் கோடை விடுமுறையைக் கழித்துவந்த அவர், சிறு கண்ணாடிக் குப்பிகளில் இனிப்பு நீர் வைத்துச் சிட்டுகளைப் பழக்கி, பக்கத்தில் நின்றே படம் பிடித்திருந்தார். அக்கட்டுரையைப் படித்தவர்களுள் பாஸ்டனைச் சேர்ந்த லாரன்ஸ் வெப்ஸ்டரின் மனைவியும் ஒருவர். தமக்கும் அத்தகைய குப்பி ஒன்று வேண்டும் என்று அவர் கணவரைக் கேட்டிருக்க வேண்டும். தொழிலதிபரான வெப்ஸ்டர், குப்பியில் கம்பி சுற்றித் தருவதோடு திருப்தியடையாமல், மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் பரிசோதனைச் சாலையில் கண்ணாடி ஊதும் கைவினைஞர் ஒருவரைக்கொண்டு, தலைகீழாகத் தொங்கினும் ஒழுகாத சீசா ஒன்றைச் செய்வித்தார். மேலே அடைபட்டு, அடியில் வளைந்த சிறு வாய்கள் மட்டுமே திறந்துள்ள சீசாவில், உள்ளிருக்கும் திரவத்தை வெளிக்காற்றின் அழுத்தமே தாங்கி நிறுத்துகிறது. பறவை குடிக்கக் குடிக்கக் காற்றுக் குமிழி மேலேறி, அந்த அளவுக்குத் திரவம் கீழே இறங்குகிறது. இன்றும் அதே தத்துவத்தில் இயங்கும் சீசாக்களே பெரும்பாலான தோட்டங்களில் தொங்குகின்றன.

அதே கழகத்தில் ஹாரல்ட் எட்ஜர்டன் என்ற ஆசிரியர், கண் இமைப்பதற்குள் ஆயிரம் தடவை மின்னக்கூடிய விளக்கைக் கண்டுபிடித்து, துப்பாக்கிக் குண்டையும் பால்துளியையும் படமெடுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஓசனிச்சிட்டின் சிறகைவிடத் தகுந்த விஷயம் கிடைக்குமா? நியூ ஹாம்ப்ஷயரிலுள்ள ஹோல்டர்னஸ் என்ற ஊரில் 1936-இல் அவர் எடுத்த படங்களில், அதுவரை மனிதக் கண்ணுக்கு வெறும் மங்கலாகத் தெரிந்த சிறகு ஒவ்வோர் இறகாக அசைவற்று நின்றது. இதற்கு எழுபது ஆண்டுகள் முன்பு ஸ்காட்லாந்தின் ஆர்கைல் பிரபு, பறவைகள் பறக்கும் விதத்தை ஆராய்ந்து, எந்தப் பறவையாலும் பின்னோக்கிப் பறக்க முடியாது என்று தம் நூலில் தீர்ப்புச் சொல்லியிருந்தார். தோட்டத்தில் பார்த்தவர்கள் மறுத்தபோதும் அவர் ஒப்பவில்லை. சாக்ஷியம் கண்ணாற் கண்டதாயிருந்தாலும், கண்டவன் பிரபுவாக இல்லாவிட்டால் அது சாஸ்திரத்தில் ஏறுவதற்குக் காலம் பிடிக்கிறது. வேகப் படங்கள் வந்த பிறகு அந்த வழக்கு ஒருவழியாகத் தீர்ந்தது.

எட்ஜர்டனின் படங்கள் 1947-இல் அதே ‘நேஷனல் ஜியாகரபிக்’கில் வெளிவந்தன. பறவையோடு வெப்ஸ்டரின் சீசாவும் படத்தில் விழுந்திருந்தது; அது எங்கே கிடைக்கும் என்று வாசகர்கள் விசாரிக்கலானார்கள். அதன் பலனாக நியூ யார்க் மாகாணத்து மெடினா நகரில் ‘ஆடுபன் நாவல்டி கம்பெனி’ என்ற நிறுவனம் 1950-இல் அச்சீசாவை வெப்ஸ்டரின் பெயராலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன்பின் வந்த பிளாஸ்டிக் காலம் சீசாவின் விலையைக் குறைத்து, தொழிலாளியின் கொல்லைவரை அதைக் கொண்டு சேர்த்தது. அந்தச் சீசாக்களின் பொய்ப் பூக்களெல்லாம் சிவப்பே. ஷெர்மனின் மொட்டைச் சீசாவைக் கம்பெனிகள் மறந்துவிட்டன, அல்லது வாங்குகிறவர் மனிதரேயன்றிப் பறவையல்ல என்பதை அவை நன்றாக நினைவில் வைத்திருந்தன.

என்ன கலப்பது என்பதில் நெடுங்காலம் குழப்பம் நீடித்தது. தேனே இயற்கையானது என்று எண்ணித் தேனைக் கரைத்து வைத்தவர்கள் உண்டு. அது வெகு சீக்கிரம் புளித்து, பறவைக்கு நோய் தரும் பூஞ்சைக்கு விளைநிலமாகிறது. சாயத்தைக் கலந்து சிவக்கச் செய்தவர்கள் அநேகர். ‘சிவப்பு எண் 2’ என்ற உணவுச் சாயத்தை மனிதருக்கே ஆகாதென்று சர்க்கார் 1976-இல் தடைசெய்த பிறகு, பறவைக்கு மட்டும் சாயம் எதற்கு என்ற கேள்வி எழுந்தது. இன்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் பக்குவம் எளியது: வெள்ளைச் சர்க்கரை ஒரு பங்கு, தண்ணீர் நான்கு பங்கு, வெயில் காலத்தில் இரண்டு மூன்று நாளுக்கொருமுறை சீசாவைக் கழுவுதல். இப்பறவைகள் நாடும் பூக்களின் தேனிலுள்ள இனிப்பும் ஏறக்குறைய இந்த அளவினதே. எனினும் சர்க்கரை நீர் மட்டும் அவற்றுக்குப் போதாது. சிறு பூச்சிகளையும் சிலந்திகளையும் பிடித்துத் தின்றே அவை உடலை வளர்க்கின்றன, குஞ்சுகளையும் வளர்க்கின்றன. சீசாவைத் தொங்கவிட்டுவிட்டுத் தோட்டம் முழுவதும் பூச்சிமருந்து தெளிப்பவர், ஒரு கையால் இட்டதை மறு கையால் பறித்துக்கொள்கிறவர்.

மேற்குக் கரையின் கதை வேறு. கலிபோர்னியாவின் மொஜெஸ்கா பள்ளத்தாக்கில் டக்கர் தம்பதியர் தங்கள் வீட்டுத் தாழ்வாரத்தையே சிட்டுகளின் சத்திரமாக்கினார்கள்; 1941-இல் அந்த இடம் ஆடுபன் சங்கமொன்றின் வசம் சேர்ந்தது. அங்கே வாழும் அன்னாச் சிட்டு, பிரெஞ்சுப் பண்டிதர் லெஸ்ஸான் 1829-இல் ரிவோலி சீமாட்டி அன்னாவின் பெயரைச் சூட்டிய இனம். ஆணின் தலையும் கழுத்தும் ரோஜா நிறத்தில் ஜொலிப்பது. மாணிக்கக்கழுத்துச் சிட்டைப்போலத் தொலைதூரம் வலசை போகாதது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது கூடு கட்டியது கலிபோர்னியாவிலும் அதன் தெற்கே பாஹா தீபகற்பத்தின் வடகோடியிலும்தான். தங்க வேட்டைக் காலமான 1850-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, பின்பு கலிபோர்னியா எங்கும் நடப்பட்ட யூகலிப்டஸ் மரங்கள் குளிர்காலத்தில் பூக்கின்றன. வீட்டுத் தோட்டங்களில் நட்ட அயல்நாட்டுச் செடிகளும் வருஷம் முழுவதும் ஏதேனுமொரு பூவைத் தருகின்றன. இவற்றுக்குமேல் சீசாக்கள் வேறு. இத்தனை அன்னசத்திரங்களைக் கண்ட பறவை மெள்ள மெள்ள வடக்கே குடியேறி, ஆரிகன், வாஷிங்டன் மாகாணங்களைக் கடந்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவை அடைந்தது. வான்கூவர் நகரம் 2017-இல் இதைத் தன் நகரப் பறவையாகவே ஏற்றுக்கொண்டது.

பனி பெய்யும் நாட்களில் சீசாவின் நீர் உறையாதிருக்க அதன்மேல் விளக்குச் சரத்தைச் சுற்றிவைக்கும் வீட்டுக்காரர்களை அங்கே காணலாம். சீசா வைப்பது பறவையைச் சோம்பேறியாக்கும் என்று பேசுவோருக்கு நான் அவ்வளவு மதிப்புக் கொடுப்பதில்லை. கிழக்கிலுள்ள சிட்டு, சீசா நிறைந்திருந்தாலும் பகல் குறுகும் காலம் வந்ததும் தெற்கே போய்த்தான் விடுகிறது. ஆனால் சீசாவால் ஒன்றும் மாறவில்லை என்று சொல்வதும் சரியன்று. தோட்டத்துப் பறவைகளைக் குளிர்காலந்தோறும் எண்ணிக் குறித்து அனுப்பும் ஆயிரக்கணக்கான வீட்டாரின் கணக்குகளைக்கொண்டு, கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் 2017-இல் வெளியிட்ட கட்டுரை, அன்னாச் சிட்டு பரவியதற்கும் வீட்டுத் தோட்டங்களில் அதற்குக் கிடைக்கும் உணவுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. காட்சிசாலைகளில் கிடந்த பழைய தோல்களை அளந்து 2025-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, சீசாக்கள் மிகுந்த பிரதேசங்களில் அப்பறவையின் அலகே காலப்போக்கில் வடிவம் மாறியிருப்பதாகச் சொல்கிறது. அந்தத் தோல்களுக்கு இப்படியும் ஒரு பிரயோஜனம் நேர்ந்தது.

மெக்ஸிகோ எல்லையை ஒட்டிய அரிஸோனாவின் தென்பகுதி இப்பறவைகளுக்குப் பெயர்போனது. அங்கே படகோனியா என்னும் சிற்றூரில் 1970-களில் குடியேறிய பேடன் தம்பதியர், தங்கள் கொல்லையில் சீசாக்களைத் தொங்கவிட்டார்கள். எல்லைக்கு வடக்கே மிக அரிதாகவே காணக்கூடிய ஊதாமுடிச் சிட்டு அங்கே வருகிறது என்ற செய்தி பரவியதும், வேலிக்கு வெளியே அந்நியர்கள் கூட்டமாக நின்று எட்டிப் பார்க்கலானார்கள். போலீஸைக் கூப்பிட வேண்டிய இடத்தில் பேடன் தம்பதியர் வாயிற்கதவைத் திறந்துவிட்டார்கள். பெஞ்சுகள் போட்டார்கள், வெயிலுக்குப் பந்தல் அமைத்தார்கள், சர்க்கரைச் செலவுக்கு மனமுள்ளவர் காசு போடட்டும் என்று ஒரு தகர டப்பாவையும் மாட்டி வைத்தார்கள். கணவர் மறைந்த பின்பும் மேரியன் பேடன் அம்மையார் 2009-இல் காலமாகும்வரை அந்தக் கதவு மூடப்படவில்லை. வீடு விலைக்கு வந்தபோது பறவை அன்பர்கள் நிதி திரட்டினார்கள். 2014-இல் டூசான் நகரத்து ஆடுபன் சங்கம் அதைப் பொது இடமாகப் பராமரிக்கத் தொடங்கியது.

அரிஸோனாவின் இப்பகுதியில் வேறொரு விநோதமும் உண்டு. கோடையின் பிற்பகுதியில் மாலை நிறைத்துவைத்த சீசா, விடிவதற்குள் வற்றிப்போயிருக்கும். ஓசனிச்சிட்டு இரவில் இரை தேடுவதில்லை. உடலின் சூட்டையும் இருதயத் துடிப்பையும் வெகுவாகத் தாழ்த்திக்கொண்டு மரக்கிளையில் உறங்கிவிடும். திருடன், மெக்ஸிகோவிலிருந்து வந்து கள்ளிப்பூக்களிலும் கற்றாழைப் பூக்களிலும் தேன் குடிக்கும் நீளமூக்கு வௌவால். ஒழிந்துபோகும் அபாயத்திலுள்ள ஜீவன் என்று 1988-இல் அதைச் சர்க்கார் அட்டவணையில் சேர்த்திருந்தார்கள். சீசா காலியாவதைக் கண்டு வௌவாலை விரட்ட முற்படாமல், அந்தியில் சீசாவில் எவ்வளவு இருந்தது, காலையில் எவ்வளவு மிஞ்சியது என்று டூசான் பக்கத்து வீட்டார் பலர் இரவுதோறும் குறித்து மாகாண வனவிலங்குத் துறைக்கு அனுப்பிவந்தார்கள். வௌவால்கள் எப்போது வருகின்றன, எத்தனை காலம் தங்குகின்றன என்பதை அறிய அக்கணக்குகள் துணைசெய்தன. 2018-இல் அந்த வௌவாலின் பெயர் அட்டவணையிலிருந்து நீக்கப்பட்டது. அது பல்கிப் பெருகிவிட்டது என்பதே காரணம். சீசாவை இரவில் உள்ளே எடுத்து வைப்பவர்களும் அங்கே இருக்கிறார்கள். சர்க்கரை விலையைப்பற்றிப் புலம்பிக்கொண்டே இரண்டாவது சீசா வாங்கி மாட்டியவர்களும் இருக்கிறார்கள்.